கேள்வி – பதில்: மதிலுக்குள் வளர்ந்த மௌல்பிரொன்

சென்ற இதழில் ஐரோப்பியத் துறவு மடங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஜெர்மனியின் மௌல்பிரொன் என்ற சிற்றூரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மௌல்பிரொன் எங்கே இருக்கிறது? அங்கே ஊர் முதலில் வந்ததா, மடம் முதலில் வந்ததா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மடம்தான் முதலில் வந்தது. ஊர் பல நூற்றாண்டுகள் கழித்து மெல்ல மெல்ல வந்து மதிலோரம் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஸ்டுட்கார்ட்டுக்கும் கார்ல்ஸ்ரூவுக்கும் இடையே, காடும் திராட்சைச் சரிவுகளும் கலந்து கிடக்கும் நிலப்பரப்பில், சால்சாக் என்ற சிற்றோடையின் பள்ளத்தாக்கில் இவ்வூர் அமைந்திருக்கிறது. 1886-ஆம் ஆண்டில்தான் இதற்கு நகரம் என்ற தகுதி கிடைத்தது. இன்றும் மக்கள்தொகை 7,000-ஐத் தொடவில்லை.

மடத்தின் கதை 1138-இல், வேறோர் இடத்தில் தொடங்குகிறது. வால்ட்டர் ஃபொன் லோமர்ஸ்ஹைம் என்ற பிரபு, இன்றைய மூல்ஆக்கர் நகரத்துக்கு அருகில் தமக்கிருந்த நிலத்தைச் சிஸ்டர்சியன் சபைத் துறவிகளுக்குத் தானமாகக் கொடுத்தார். இன்றைய பிரான்சைச் சேர்ந்த அல்சாஸ் பகுதியிலிருந்த தாய் மடத்திலிருந்து துறவிகள் வந்து குடியேறினார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த இடம் ஒரு மடத்துக்குப் போதாது என்பது தெரிந்துவிட்டது. ஸ்பையர் நகரத்து ஆயர் குன்ட்டர் தலையிட்டு இந்தப் பள்ளத்தாக்கை அவர்களுக்கு அளிக்க, 1147-இல் அவர்கள் இடம்பெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டே திருத்தந்தை மூன்றாம் யூஜின் அம்மடத்தைத் தம் பாதுகாப்பில் ஏற்றார்; 1156-இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவின் பாதுகாப்பும் கிடைத்தது. கோயில் கட்டி முடிக்கப்பட்டு, 1178-இல் ட்ரியர் நகரத்துப் பேராயர் அர்னால்டு அதை நேர்ந்தளித்தார். இடம் மாறி வந்த முப்பத்தோராம் ஆண்டில் இத்தகைய ஒரு கற்கோயில் எழுந்ததென்றால், அந்தத் துறவிகள் ஜெபத்தில் மட்டும் காலம் கழிக்கவில்லை என்று விளங்கும்.

சிஸ்டர்சியன் சபை என்பது 1098-இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தோன்றியது. பழைய மடங்களில் செல்வமும் சுகமும் பெருகிவிட்டதைக் கண்டு மனம் கசந்தவர்கள், புனித பெனடிக்டின் விதிகளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்று பிரிந்து வந்து தொடங்கிய சபை அது. ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டமற்ற, நீர் ஓடும் பள்ளத்தாக்கையே அவர்கள் தேடிப் பிடித்தார்கள். தம் கைகளால் உழைத்து உண்ண வேண்டும் என்பது விதி. அதற்கு நிலமும் நீரும் வேண்டுமல்லவா?

கேள்வி: ஒரு கோவேறு கழுதை காட்டிய இடத்தில்தான் மடம் கட்டப்பட்டது என்று படித்தேன். உண்மையா?
– ஒரு பள்ளி மாணவி, ஈரோடு

பதில்: நல்ல கதை. துறவிகள் தங்கள் பணப்பையைக் கோவேறு கழுதையின் மேல் ஏற்றி, அதன் போக்கிலே விட்டார்களாம். அது எங்கே நின்று நீர் குடிக்கிறதோ அங்கே கட்டுவது என்று முடிவு செய்தார்களாம். கோவேறு கழுதைக்கு ஜெர்மன் மொழியில் மௌல்டியர் என்று பெயர், பிரொன் என்பது ஊற்று; இரண்டையும் சேர்த்தால் ஊரின் பெயர் வந்துவிடுகிறது. மடத்து நீரூற்று மண்டபத்தின் கூரையில் இந்தக் கதையை ஓவியமாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய ஆவணங்களில் ஊரின் பெயர் ‘மூலன்புருன்னன்’ என்ற வடிவில் வருகிறது. அது மாவரைக்கும் ஆலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதே ஏற்கத்தக்க விளக்கம். ஆலையடி ஊற்று என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கழுதை பின்னால் வந்து சேர்ந்தது.

கேள்வி: துறவிகளே உழைத்தார்கள் என்று சொல்கிறார்கள். பொதுநிலைச் சகோதரர்கள் என்ற பெயரில் வேலைக்கென்றே தனியாக ஒரு பிரிவினர் இருந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சேலம்

பதில்: இரண்டும் சரிதான். விதியின்படி துறவிகளும் உழைத்தார்கள். எனினும் நாளொன்றுக்கு ஏழெட்டு முறை கோயிலுக்குள் கூடி லத்தீன் மொழியில் ஜெபம் பாட வேண்டிய ஒருவரால் தொலைவிலுள்ள வயலில் எத்தனை நேரம் நிற்க முடியும்? ஆகவே சிஸ்டர்சியன் சபை, எழுத்தறிவில்லாத, பெரும்பாலும் குடியானவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்களைப் பொதுநிலைச் சகோதரர்களாகச் சேர்த்துக்கொண்டது. அவர்களும் வாக்குக் கொடுத்துத் துறவு பூண்டவர்களே. ஆனால் குருத்துவம் பெற முடியாது, மடத்தின் முடிவுகளில் குரல் கிடையாது. ஏர், கொல்லுலை, ஆலை, திராட்சைத் தோட்டம் ஆகியவை அவர்கள் பொறுப்பு.

மௌல்பிரொனில் இந்தப் பிரிவினை கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கோயிலின் நடுவே குறுக்காக ஒரு கற்சுவர் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே துறவிகள், மேற்கே பொதுநிலைச் சகோதரர்கள். ஒரே கூரையின் கீழ் ஒரே வழிபாடுதான். ஆனால் இவர்கள் அவர்களைப் பார்க்க முடியாது. உணவுக்கூடங்களும் இரண்டு. மேற்கிலே சகோதரர்களுக்கானது தாழ்ந்த, தடித்த கூடம். வடக்கிலே துறவிகளுக்கானது உயர்ந்து நிமிர்ந்த, அரசவை போன்ற கூடம். துறவிகளின் கூடத்துக்கு இன்றும் ‘பெருமக்கள் உணவுக்கூடம்’ என்ற பொருளிலேயே பெயர் வழங்குகிறது. எளிமைக்காகப் பிரிந்து வந்த சபை இது என்பதை அங்கே நிற்கும்போது நினைத்துப் பார்த்தால், ஒரு சிறு புன்னகை வராமல் போகாது.

கேள்வி: நான் கட்டடக் கலை பயிலும் மாணவன். மௌல்பிரொனைக் கோதிக் பாணியின் வரலாற்றில் முக்கியமாகச் சொல்கிறார்களே, ஏன்?
– ஒரு மாணவர், சென்னை

பதில்: ஒரே வளாகத்துக்குள் ஒரு பாணி முடிந்து இன்னொரு பாணி பிறப்பதைக் காலால் நடந்து பார்க்க முடிகிறது என்பதே காரணம். 1178-இல் முடிந்த கோயில் ரோமனெஸ்க் பாணியைச் சேர்ந்தது: தடித்த சுவர், அரைவட்ட வளைவு, அடக்கமான சாளரம். சபையின் விதி கல்லால் ஆன மணிக்கோபுரத்தை அனுமதிக்காததால், கூரையின் மேல் ஒரு சிறிய மணிக்கூண்டு மட்டுமே உண்டு. அந்தக் கோயிலின் முன்னே 1220-ஆம் ஆண்டையொட்டி ஒரு முகமண்டபம் சேர்க்கப்பட்டது. அதன் பெயர் ‘பாரடைஸ்’, அதாவது விண்ணகம். அதைக் கட்டிய ஸ்தபதியின் பெயர் தெரியாமலே போய்விட்டது. வரலாற்றாசிரியர்கள் அவரை ‘பாரடைஸ் ஸ்தபதி’ என்றே அழைக்கிறார்கள். பிரான்சில் அப்போது புதிதாக வளர்ந்துகொண்டிருந்த கட்டட முறையை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதை அவர் கட்டியவையே காட்டுகின்றன.

அவருக்கு முன்னிருந்த சிக்கலைச் சொன்னால் தங்களைப் போன்ற மாணவருக்கு உடனே பிடிபடும். வளைகூரையின் விலா எலும்புகள் போன்ற கல் வரம்புகளில் சில அகலமான இடைவெளியையும் சில குறுகிய இடைவெளியையும் கடக்க வேண்டும். அனைத்தையும் அரைவட்டமாகவே வளைத்தால், அகலமானது உயர்ந்தும் குறுகியது தாழ்ந்தும் நிற்கும். கோதிக் பாணியின் அடையாளமான கூர்முனை வளைவைப் பயன்படுத்தினால் அகலம் எதுவானாலும் உச்சியை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். பாரடைஸ் ஸ்தபதி அந்த வழியை முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அரைவட்டத்தை விட மனமில்லாமல், வளைவு தொடங்கும் இடத்தையே மேலும் கீழுமாக மாற்றி வைத்தார். எனவே அடுத்தடுத்த தூண்களின் தலைப்புகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. பழையதைக் கைவிடாமல் புதியதை எட்டிப் பிடிக்க ஒருவர் பட்ட பாடு அது. குறையற்ற பிற்காலக் கோதிக் மண்டபங்களைக் காட்டிலும் இந்தத் தடுமாற்றமே எனக்கு மிகவும் பிடித்தது.

அதே காலத்தில், அதே கையின் சாயலில், உள்முற்றத்தைச் சுற்றிய நடைமண்டபத்தின் தென்பகுதியும் துறவிகளின் உணவுக்கூடமும் எழுந்தன. உணவுக்கூடத்தின் நடுவரிசையில் பருத்த தூணும் மெலிந்த தூணும் மாறி மாறி வருகின்றன. உண்ணும்போது பேசக்கூடாது என்பது விதி. ஒருவர் மட்டும் மறைநூலை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே உண்பார்கள். அருகிலேயே வெப்ப அறை இருக்கிறது. கீழே ஒரு நிலவறையில் தீ மூட்டி, கற்களைப் பழுக்கச் சூடாக்கி, தளத்திலுள்ள துளைகளின் வழியே வெப்பத்தை மேலே வரவிட்டார்கள். குளிர்காலத்தில் துறவிகள் வந்து கைகால்களைச் சூடேற்றிக்கொள்ளக் கிடைத்த இடம் அது ஒன்றே.

உணவுக்கூட வாயிலுக்கு நேர் எதிரே, முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்பது நீரூற்று மண்டபம். மௌல்பிரொன் என்றாலே அஞ்சல் அட்டையில் வரும் காட்சி இதுதான். உண்ணுமுன் கை கழுவுவதற்காக 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டினார்கள். மேலேயுள்ள மரச்சட்டக அடுக்கு 1611-ஐச் சேர்ந்தது. மூன்று தட்டுகளாக நீர் வழியும் அந்த ஊற்றில் அடித்தட்டு மட்டுமே பழையது. மேலிரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் அழகுக்காகச் சேர்த்தவை. புகைப்படம் எடுப்பவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

கோயிலுக்குள் 1424-இல் பழைய தட்டையான மரக்கூரையை அகற்றி வலைப்பின்னல் போன்ற கல் வளைகூரையை அமைத்தார்கள். 1450-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட துறவிகளின் இருக்கை வரிசையில் 92 இருக்கைகள் உள்ளன. மரச்செதுக்கு வேலைக்கு இதைத் தவறவிடக் கூடாது. கற்சுவருக்கு முன்னே நிற்கும் பெரிய சிலுவைச் சிற்பம் 1473-ஆம் ஆண்டினது.

கேள்வி: பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்தவன் நான். யுனெஸ்கோ இந்த மடத்தைப் பட்டியலில் சேர்த்தபோது அதன் நீர் மேலாண்மையையும் பாராட்டியதாக அறிகிறேன். விவரம் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: எனக்கு வந்த கடிதங்களில் நான் மிகவும் மகிழ்ந்தது தங்களுடையதைப் பார்த்துத்தான். சுற்றுலாப் பயணிகள் தூணையும் வளைவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மடம் நிலைத்ததற்கு அடிப்படையான வேலை மதிலுக்கு வெளியே கிடக்கிறது. 1993-இல் மௌல்பிரொனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே மிக முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட இடைக்கால மட வளாகம் என்று கட்டடங்களைச் சிறப்பித்த யுனெஸ்கோ, வடிகால்களும் பாசனக் கால்வாய்களும் நீர்த்தேக்கங்களும் கொண்ட நீரமைப்பையும் தனியே குறிப்பிட்டுப் பாராட்டியது.

துறவிகள் வந்தபோது இந்தப் பள்ளத்தாக்கு சதுப்பாகக் கிடந்தது. சால்சாக் பெரிய ஆறு அன்று. கோடையில் மெலிந்து, மழையில் பொங்கும் ஓடை. அவர்கள் முதலில் வடிகால் வெட்டிச் சதுப்பை உலர்த்தினார்கள். பிறகு ஓடையையும் அதன் கிளைப் பள்ளங்களையும் குறுக்கே மண் கரையிட்டு மறித்து, ஒன்றன் கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்தார்கள். மேலேரியின் உபரி கீழேரிக்கு வரும். சரிவுகளில் வழியும் மழைநீரையும் வாய்க்கால் வெட்டி ஏரிகளுக்குத் திருப்பினார்கள். காலப்போக்கில் மடத்தைச் சுற்றி ஏறத்தாழ 20 ஏரி, குளங்கள் உருவாயின. சங்கிலித் தொடர் ஏரிகளைப் பார்த்து வளர்ந்த தங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த நீருக்குப் பல வேலைகள். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றியது. புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் பாய்ந்தது. மடத்தின் கட்டடங்களுக்கு அடியிலே ஓடிக் கழிவை அடித்துச் சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக மீன் வளர்த்தது. நான்கு கால் விலங்கின் இறைச்சியை விதி விலக்கியிருந்தது; தவக்காலமும் நோன்பு நாட்களும் ஆண்டில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. மீன் இல்லாவிட்டால் மடத்துச் சமையலறை என்ன செய்யும்? ஏரிகளில் ஒன்றின் பெயரே ‘விலாங்குப் பெட்டி ஏரி’ என்று பொருள்படும் ஆல்கிஸ்டன்சே. நீர் வெளியேறும் இடத்தில் விலாங்கு மீனைப் பிடிக்க வைத்த பொறியால் வந்த பெயர் அது. இன்று அது பறவைகளுக்கான பாதுகாப்பிடம். மடத்துக்கு மேலே உள்ள ‘ஆழ்ந்த ஏரி’யில் இப்போது ஊர்ப் பிள்ளைகள் கோடையில் நீந்துகிறார்கள். பிற்காலத்தில் பல ஏரிகள் வயலாகவும் புல்வெளியாகவும் ஆகிவிட்டன. எனினும் காட்டுப் பாதையில் நடந்தால், நீரில்லாத இடத்திலும் புல் மூடிய பழைய கரை மேடாகத் தெரியும்.

கேள்வி: மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தம் வந்தபின் பல மடங்கள் அழிந்தன. இது மட்டும் எப்படித் தப்பியது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மடம் தன் தொழிலை மாற்றிக்கொண்டதால் தப்பியது என்பது என் கருத்து. மௌல்பிரொனைப் பற்றிப் பேச வேண்டிய முதன்மையான செய்தியாக நான் கருதுவதும் இதைத்தான்.

1504-இல் வூர்ட்டம்பெர்க் கோமகன் உல்ரிக் இந்த மடத்தைப் போரில் கைப்பற்றினார். 1525-இல் குடியானவர் கிளர்ச்சியின்போது கிளர்ச்சியாளர்கள் புகுந்து சூறையாடினார்கள். 1534-இல் உல்ரிக் தம் நாட்டில் சீர்திருத்தச் சமயத்தை நிலைநாட்டியதும், துறவிகளின் காலம் முடிவுக்கு வந்தது. நிலமும் வருவாயும் அரசுக்குப் போயின. கட்டடங்கள் வெறுமையாக நின்றன. இந்த நிலையில் நின்ற மடங்கள் பொதுவாக என்ன ஆகும்? ஊரார் வண்டி வண்டியாகக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவார்கள்.

உல்ரிக்கின் மகன் கோமகன் கிறிஸ்டோஃப் 1556-இல் வேறொரு முடிவெடுத்தார். புதிய சமயத்துக்குப் படித்த போதகர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களை உருவாக்கப் பள்ளிகள் வேண்டும். மடங்களிலோ படுக்கைக் கூடம், உணவுக்கூடம், நூலகம், வயல் வருமானம் எல்லாம் ஆயத்தமாக இருந்தன. ஆகவே அவர் தம் நாட்டு ஆண்கள் மடங்களை உறைவிடப் பள்ளிகளாக மாற்றினார். தேர்வில் வென்ற பையன்களுக்குக் கல்வியும் உணவும் இலவசம். துறவிகள் உண்ட இடத்தில் மாணவர்கள் உண்டார்கள். துறவிகள் பாடிய இடத்தில் அவர்களும் விவிலியத்தின் சங்கீதப் பாடல்களைப் பாடினார்கள். கூரை ஒழுகினால் யாராவது செப்பனிட வேண்டியிருந்தது. 1564-இல் லூத்தரன் அறிஞர்களும் மற்றொரு சீர்திருத்தவாதியான கால்வினின் வழி வந்த அறிஞர்களும் இறைவிருந்தைப் பற்றி நாள்கணக்கில் வாதிட்டதும் இங்கேதான். உடன்பாடு எதுவும் ஏற்படவில்லை. முப்பதாண்டுப் போரின் நடுவே கத்தோலிக்கத் துறவிகள் திரும்பி வந்து சில ஆண்டுகள் தங்கினார்கள். 1648-இன் அமைதி உடன்படிக்கையோடு அதுவும் முடிந்தது.

பள்ளியானால் போதும், தப்பிவிடலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இதே வட்டாரத்தின் ஹிர்சௌ மடமும் பள்ளியாகத்தான் இருந்தது. 1692-இல் பிரெஞ்சுப் படைகள் அதை எரித்தன, மறுபடி கட்டப்படவில்லை. ஆகவே மௌல்பிரொனின் விஷயத்தில் நல்ல வாய்ப்பும் சேர்ந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். 1803-ஐ ஒட்டிக் கத்தோலிக்க நாடுகளில் மடங்கள் கலைக்கப்பட்டு ஏலம் போன காலத்தில், இந்த மடம் இரண்டரை நூற்றாண்டுகளாகப் பள்ளியாக இருந்ததால், கலைப்பதற்கு இங்கே எதுவும் மிச்சமில்லை. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. இப்போது மாணவிகளும் படிக்கிறார்கள். சேர்வதற்குப் பழைய காலத்தைப் போலவே ‘நாட்டுத் தேர்வு’ ஒன்றில் வெல்ல வேண்டும்.

கேள்வி: ‘சித்தார்த்தா’ எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே இங்கே படித்தவர் என்கிறார்கள். வேறு யாரெல்லாம் படித்தார்கள்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தங்கள் ஊரோடு இந்தப் பதிலுக்கு உண்மையான தொடர்பு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர் 1586-இல் தம் பதினைந்தாம் வயதை எட்டும் நிலையில் இங்கே வந்து, 1589-இல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளையான அவருக்கு, கோமகனின் உதவித் திட்டம் இல்லாவிட்டால் படிப்பே கிடைத்திருக்காது. கோடையில் காலை நான்கு மணிக்கும் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கும் எழுந்து சங்கீதம் பாட வேண்டிய கண்டிப்பான வாழ்க்கை அது. கவிஞர் ஃபிரீட்ரிக் ஹோல்டர்லின் 1786 முதல் 1788 வரை இங்கிருந்தார். மடத்து நிர்வாகியின் மகள் லூயிஸ் நாஸ்டின் மேல் அவருக்கு ஏற்பட்ட இளமைக் காதல் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

ஹெஸ்ஸே 1891 செப்டம்பரில், பதினான்கு வயதில் சேர்ந்தார். தொடக்கத்தில் மகிழ்ச்சியாகவே இருந்தார். ஆனால் 1892 மார்ச் 7-ஆம் நாள் யாரிடமும் சொல்லாமல் வெளியேறி, குளிரில் ஓர் இரவை வெட்டவெளியில் கழித்து, மறுநாள் பிடிபட்டார். தண்டனையாகச் சில மணி நேரம் அறையில் அடைத்து வைத்தார்கள். சில மாதங்களில் பெற்றோர் அவரைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் 1906-இல் நூலாக வெளிவந்த ‘சக்கரத்தின் கீழ்’ என்று பொருள்படும் நாவல். அதில் பள்ளியின் பெயர் மௌல்பிரொன் என்றே வருகிறது. 1930-இன் ‘நார்சிஸும் கோல்ட்முண்டும்’ நாவலில் வரும் மரியாபிரொன் மடத்தின் சாயலும் இதுவே. தம்மை நசுக்கியதாக அவர் கருதிய இடத்துக்கு அவர் மனம் மீண்டும் மீண்டும் திரும்பியதுதான் விந்தை. 1914-இல் அந்த நடைமண்டபத்தைப் பற்றிக் கவிதையும் எழுதினார். அதில் கசப்பு இல்லை.

இனித் திருநெல்வேலிக்கு வருகிறேன். ஹெஸ்ஸேயின் தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட்டும் இதே பள்ளியில் 1827 முதல் 1831 வரை படித்தவர். 1836-இல் சென்னையில் வந்திறங்கிய அவர், தமிழ் கற்று, திருநெல்வேலியில் சில காலம் ஊழியம் செய்தார். பிறகு சித்தூர், மங்களூர் வழியாகத் தலச்சேரிக்குச் சென்று, மலையாளத்தில் ஆழ்ந்து, 1859-இல் இலக்கணமும் 1872-இல் பெரிய அகராதியும் வெளியிட்டார். ஹெஸ்ஸேயின் தாய் மேரி 1842-இல் தலச்சேரியில் பிறந்தவர். மௌல்பிரொனில் லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் இலக்கணம் பிரித்துப் படித்த பழக்கம் குண்டர்ட்டுக்கு மலையாளத்தில் கைகொடுத்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே.

கேள்வி: சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற டாக்டர் ஃபௌஸ்ட் அங்கே ஒரு கோபுரத்தில் வாழ்ந்தாராமே?
– ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: ஃபௌஸ்ட் என்ற பெயரில் ஊர் ஊராகத் திரிந்த சோதிடர் ஒருவர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்மையிலேயே இருந்தார். மௌல்பிரொனுக்கு அடுத்திருக்கும் க்னிட்லிங்கன் ஊர் தன்னை அவருடைய பிறப்பிடமாகச் சொல்லிக்கொள்கிறது. அங்கே அவருக்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு. 1512 முதல் 1518 வரை மௌல்பிரொனின் மடாதிபதியாக இருந்த யோகன்னஸ் என்டன்ஃபூஸ், கட்டட வேலைகளில் பணத்தை இறைத்துக் கடனில் மூழ்கி, பொன் செய்து தரும்படி ஃபௌஸ்டை அழைத்து வந்தார் என்பது கதை. மதிலின் மூலையிலுள்ள ஃபௌஸ்ட் கோபுரம் அவருடைய உலைக்கூடம் என்று காட்டுவார்கள். சாத்தான் அவரை அங்கிருந்தே தூக்கிச் சென்றான் என்று இவ்வூராரும், இல்லை, எங்கள் ஊர் விடுதியிலிருந்துதான் தூக்கிச் சென்றான் என்று தெற்கேயுள்ள ஸ்டௌஃபன் ஊராரும் சொல்கிறார்கள். சாத்தான் ஒருவரை எத்தனை முறை தூக்கிச் செல்வான் என்பது தெரியவில்லை. மடாதிபதி பதவி இழந்தது மட்டும் வரலாறு.

கேள்வி: மௌல்டாஷன் என்ற உணவு இந்த மடத்தில் பிறந்ததா? எப்படியிருக்கும்?
– ஓர் இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: மைதா மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய தாளாகத் திரட்டி, உள்ளே கொத்திய இறைச்சி, பசலைக் கீரை, ஊறிய ரொட்டி, வெங்காயம் ஆகியவற்றை வைத்து மடித்து, கொதிநீரில் வேகவைக்கும் பொட்டலங்கள் இவை. தெளிந்த சாற்றில் மிதக்கவிட்டு உண்பார்கள். மிஞ்சினால் மறுநாள் துண்டு போட்டு முட்டையோடு வறுப்பார்கள். தவக்காலத்தில் ஓர் இறைச்சித் துண்டு கைக்கு வந்துவிட, அதை வீணாக்க மனமில்லாத மௌல்பிரொன் துறவி ஒருவர், கீரையோடு கொத்தி மாவுக்குள் மறைத்து, கடவுளின் கண்ணில் படாமல் உண்டார் என்று கதை. ஆண்டவரை ஏய்க்கும் பண்டம் என்ற பொருளில், சற்றே கொச்சையான செல்லப் பெயரும் அதற்கு உண்டு. ஆவணச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் சுவாபியா எனப்படும் இந்த வட்டாரத்து வீடுகளில் பெரிய வியாழனன்றும் புனித வெள்ளியன்றும் இதைச் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது.

கீரையும் உருளைக்கிழங்கும் மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. இறைநம்பிக்கைக்காகத் தங்கள் மண்ணிலிருந்து துரத்தப்பட்ட வால்டென்சியன் சமயத்தார், 1699-இல் இப்பகுதியில் குடியேறினார்கள். வூர்ட்டம்பெர்க் நாட்டுக்கு உருளைக்கிழங்கை அவர்களே கொண்டுவந்தார்கள் என்பது இங்குள்ள மரபு.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறோம். இரண்டு பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வர எப்படித் திட்டமிடலாம்?
– ஒரு குடும்பத்தலைவர், ஸ்டுட்கார்ட்

பதில்: மூல்ஆக்கர் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் போவது எளிது. மே முதல் அக்டோபர் வரை ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் சென்றால், பேருந்தை விட்டுவிட்டு மடத்து ஊர் வரையே செல்லும் உல்லாச ரயிலைப் பிடியுங்கள். 1914-இல் போட்ட அந்தக் கிளைப் பாதையில் 1973-இல் பயணிகள் ரயில் நின்றுபோய், 1997-இல் இந்த விடுமுறை ரயிலுக்காக மீண்டும் உயிர் பெற்றது.

நுழைவாயிலைக் கடந்தால் பெரிய வெளிமுற்றம். அங்கே நடக்கக் கட்டணமில்லை. ஆலை, களஞ்சியம், வண்டிக்கொட்டகை, பட்டறை என்றிருந்த மரச்சட்டக வீடுகளில் இப்போது உணவகமும் கடைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. குதிரை லாயத்தில் நகர மன்றம் கூடுகிறது. கட்டணம் செலுத்த வேண்டியது கோயிலுக்கும் உள்மடத்துக்கும்தான். பாரடைஸ் மண்டபத்தில் தொடங்கி, கோயிலின் கற்சுவரைப் பார்த்து, நடைமண்டபத்தைச் சுற்றி, நீரூற்றுக்கு வாருங்கள். பேச்சுக்கூடத்தையும் வெப்ப அறையையும் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். தளத்துத் துளைகள் அவர்களுக்குப் பிடிக்கும். கோடையில் மடத்துக்குள் இசைக் கச்சேரிகள் நடக்கும்; 1968 முதல் நடந்துவரும் வழக்கம் அது.

உணவு முடிந்தபின் மதிலுக்கு வெளியே ஐல்ஃபிங்கர் சரிவுக்கு ஏறுங்கள். அது துறவிகளின் திராட்சைத் தோட்டம். பெயருக்குப் பதினொரு விரல் என்று பொருள் சொல்வார்கள். தவக்காலத்தில் திராட்சை மதுவில் விரலைத் தோய்த்து நக்க மட்டுமே அனுமதி இருந்ததாம். பத்து விரலும் போதவில்லை என்று ஒரு துறவி ஏங்கியதால் வந்த பெயராம். அங்கிருந்து பார்த்தால் மடத்தின் கூரைகள் முழுவதும் தெரியும். இறங்கியபின் ஆழ்ந்த ஏரிக்கும் போகலாம். பிள்ளைகளுக்கு நீச்சல் உடையும் துவாலையும் எடுத்துச் செல்லுங்கள்.